ஷான் லிவிங்ஸ்டன்: இது தன்னம்பிக்கைக் கதை மட்டும் அல்ல

ஃபார்வர்டு மெசேஜில் வரும் தன்னம்பிக்கைக் கதைகளுக்கு ஒரு ஃபார்முலா இருக்கிறது. ஒருவன் மேலே ஏறுவான், பொத்தென்று விழுவான், "உன்னால் முடியாது" என்று எல்லாரும் சொல்வார்கள், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்து கோப்பையை வாங்குவான். கடைசி வரியில் "முயன்றால் முடியாதது எதுவும் இல்லை" என்று ஒரு முத்திரை. சுபம்.

இந்த ஃபார்முலாவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரரின் வாழ்க்கை கிடைத்துவிட்டது. பெயர் ஷான் லிவிங்ஸ்டன். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் 2004 முதல் 2019 வரை இருந்த பாயின்ட் கார்டு. 2007-ல் முழங்கால் நொறுங்கியது, 2015-ல் சாம்பியன். அந்த இரண்டு வரிகளை மட்டும் அடுத்தடுத்து வைத்தால் கண்ணில் தண்ணீர் வரத்தான் செய்யும்.

பிரச்சினை என்னவென்றால், அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் எட்டு வருடம் இருக்கிறது. அந்த எட்டு வருடத்தில் நடந்ததைச் சொன்னால் கதை வேறு மாதிரி ஆகிவிடும். "முயன்றால் முடியும்" என்ற முத்திரையை அவ்வளவு சுலபமாகக் குத்த முடியாது. குத்தவும் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ஆள் யார்?

இல்லினாய் மாநிலத்தில் பியோரியா என்று ஓர் ஊர். அங்கே பியோரியா சென்ட்ரல் பள்ளிக்காக ஆடி, 2003, 2004 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் மாநில சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்த பையன்தான் லிவிங்ஸ்டன். உயரம் 6 அடி 7 அங்குலம். இதில்தான் விசேஷம். பாயின்ட் கார்டு என்பவர் பந்தை எடுத்துக்கொண்டு வந்து யாருக்கு எப்போது பாஸ் கொடுப்பது என்று முடிவு செய்கிறவர். பொதுவாக அணியிலேயே குள்ளமான ஆளுக்குத்தான் அந்த வேலை கிடைக்கும். இந்தப் பையனோ மற்ற அணிகளில் ஃபார்வர்டு ஆடுகிறவர்களின் உயரத்தில் இருந்துகொண்டு பாஸ் கொடுத்தான். அதனால் "அடுத்த மேஜிக் ஜான்சன்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பையன் தலையில் வைக்கிற பாரமா அது? ஆனாலும் வைத்தார்கள்.

டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்வதாக முதலில் சொல்லியிருந்தார். பிறகு மனசை மாற்றிக்கொண்டு பள்ளியிலிருந்து நேராக என்.பி.ஏ.வுக்குப் போனார். 2004 டிராஃப்டில் நான்காவது ஆளாக லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அவரை எடுத்தது. அப்போது வயது 18.

முதல் சீசனில் காயங்களால் 30 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. இரண்டாவது சீசனில் கிளிப்பர்ஸ் பிளேஆஃபின் இரண்டாம் சுற்று வரை போனது. கிளிப்பர்ஸ் மாதிரி ஓர் அணிக்கு அதுவே தீபாவளி. மூன்றாவது சீசனில் ஆட்டத்துக்கு சராசரியாக 9.3 புள்ளி, 5.1 அசிஸ்ட். மேஜிக் ஜான்சன் இல்லைதான், ஆனால் 21 வயசுக்கு நல்ல வளர்ச்சி.

2007 பிப்ரவரி 26

சார்லட் பாப்கேட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டம். எதிரே யாரும் இல்லாமல் வேகமாக ஓடி ஒரு லே-அப் போட முயன்றார். தரையில் இறங்கும்போது இடது கால் பக்கவாட்டில் மடங்கியது. அந்த வீடியோ இப்போதும் இணையத்தில் கிடைக்கிறது. தேடிப் பார்க்க வேண்டாம். பார்த்தவர்களுக்கு மறப்பதில்லை.

முழங்காலில் முக்கியமான லிகமென்ட் நான்கு. அதில் மூன்று கிழிந்துபோயின. மெனிஸ்கஸ் என்கிற குஷன் கிழிந்தது. முழங்கால் சிப்பி இடம் மாறியது. காலெலும்புகள் இரண்டும் சேரும் மூட்டும் விலகியது. மூட்டு இப்படி மொத்தமாக விலகும்போது அதன் பின்னால் ஓடும் பெரிய ரத்தக் குழாய் அறுந்துபோகிற ஆபத்து உண்டு. அறுந்து, கீழ்க்காலுக்கு ரத்தம் போகாமல் நின்றுவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும். காலை எடுக்க நேரலாம் என்று மருத்துவமனையில் அவரிடமே சொன்னார்கள். குழாய் அறுந்துபோகவில்லை. கால் தப்பியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் குழாய் அறுந்துபோகாததில் லிவிங்ஸ்டனின் தன்னம்பிக்கைக்கு என்ன பங்கு? பூஜ்யம். ஒரு சென்டிமீட்டர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போயிருந்தால் மூன்று சாம்பியன் பட்டமும் கிடையாது, ஃபார்வர்டு மெசேஜும் கிடையாது. கதையின் முதல் திருப்பமே அதிர்ஷ்டம்தான்.

சம்பளம் நிற்கவில்லை

அடுத்தது காசு. தன்னம்பிக்கைக் கதைகளில் யாரும் இதைப் பேசுவதில்லை. பேசினால் கதையின் அழகு கெட்டுவிடும் என்று நினைக்கிறார்கள் போல.

என்.பி.ஏ.வில் முதல் சுற்றில் தேர்வாகிறவரின் முதல் ஒப்பந்தம் உத்தரவாதம் உள்ளது. ஆடும்போது அடிபட்டால், "நீ வேலைக்கு வரவில்லையே" என்று சம்பளத்தை வெட்ட முடியாது. லிவிங்ஸ்டன் 2007-08 சீசனில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. ஆனாலும் கிளிப்பர்ஸ் ஆட்டக்காரர் பட்டியலில்தான் இருந்தார். சம்பளம் வந்தது. அறுவை சிகிச்சை, பிசியோதெரபி, ஒரு பெரிய அணியின் மருத்துவர்கள், நடக்கக் கற்றுக்கொடுக்க முழுநேர ஆட்கள் என்று எல்லாம் இருந்தது. மறுபடி நடக்கப் பழகுவதற்கே மாதக்கணக்கில் ஆனது. ஆட அனுமதி கிடைக்க ஒரு வருடத்துக்கும் மேல். அந்த நாள் முழுக்க அவருடைய ஒரே வேலை அந்தக் காலைச் சரிசெய்வதுதான். வாடகைக்கும் மருந்துக்கும் ஓட வேண்டியதில்லை.

இதே காயம் அவர் முதலில் திட்டமிட்டபடி கல்லூரிக்குப் போய் அங்கே நடந்திருந்தால்? அந்தக் காலத்து அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஆட்டக்காரருக்கு சம்பளம் கிடையாது. தன் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கக்கூட 2021 வரை அனுமதி கிடையாது. கல்லூரிகளோ டிக்கெட்டிலும் டிவி ஒப்பந்தத்திலும் கோடிக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தன. அங்கே முழங்கால் போனால் கையில் என்ன மிஞ்சியிருக்கும்?

பள்ளிப் பையன்கள் நேராக என்.பி.ஏ.வுக்கு வருவது தப்பு, அவர்களுக்குப் பக்குவம் போதாது என்று அப்போது பெரிய வாதம் நடந்தது. 2005-ல் வந்த புதிய ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வயதை 19 ஆக்கி அந்த வழியையே அடைத்துவிட்டார்கள். பக்குவத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் முழங்காலைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்பட்டிருக்கலாம். உடம்பை மட்டுமே மூலதனமாக வைத்திருக்கும் ஒருவனுக்கு அந்த மூலதனம் எந்த நாளும் போய்விடலாம் என்றால், சம்பாதிக்கும் முதல் நாளைத் தள்ளிப் போடச் சொல்வது அவன் நன்மைக்கா, லீகின் நன்மைக்கா? 18 வயதில் லிவிங்ஸ்டன் எடுத்த முடிவை அவசரம் என்றார்கள். நடந்ததை வைத்துப் பார்த்தால், அந்தக் கையெழுத்துதான் அவரைக் காப்பாற்றியது.

ஊர் ஊராக

2008 கோடையில் கிளிப்பர்ஸ் விட்டுவிட்டது. அதற்குப் பிறகு வந்த காலத்தைப் பாருங்கள்.

மயாமி ஹீட்டில் 4 ஆட்டம். அங்கிருந்து மெம்பிஸ் அணிக்கு மாற்றினார்கள், அவர்கள் ஆடவே விடாமல் நீக்கினார்கள். 2009-ல் துல்சா என்ற ஊரில் டி-லீக் அணிக்குப் போனார். டி-லீக் என்பது என்.பி.ஏ.வின் கீழ்நிலை லீக், இப்போது ஜி-லீக் என்கிறார்கள். டிராஃப்டில் நான்காவதாக வந்தவர் அங்கே போய் ஆடுவது, கலெக்டராக இருந்தவர் அதே ஆபீசில் தற்காலிக கிளார்க்காகச் சேர்வது மாதிரி. அங்கிருந்து ஓக்லஹோமா சிட்டி தண்டர். இரண்டு சீசனில் சேர்த்து 18 ஆட்டம், பிறகு நீக்கம். 2010 பிப்ரவரியில் வாஷிங்டன் விசர்ட்ஸ் பத்து நாள் ஒப்பந்தத்தில் எடுத்தது.

பத்து நாள் ஒப்பந்தம் என்றால் பெயரிலேயே இருக்கிறது. பத்து நாள் சம்பளம். பிடித்தால் இன்னொரு பத்து நாள். அதற்குப் பிறகு சீசன் முடியும் வரை வைத்துக்கொள்ள வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும்.

வாஷிங்டனில் பிடித்துப்போனது. அதன் பின் சார்லட், மில்வாக்கி. 2012-ல் ஹூஸ்டனுக்கு மாற்றினார்கள், சீசன் தொடங்கும் முன்பே நீக்கம். மறுபடி வாஷிங்டன், டிசம்பரில் மறுபடி நீக்கம், உடனே கிளீவ்லாந்து. 2013-ல் புரூக்ளின் நெட்ஸ்.

பெட்டியைப் பிரிப்பதற்குள் கட்ட வேண்டிய வாழ்க்கை. இதில் ஒவ்வொரு கட்டத்திலும் அவரை யாராவது ஒருவர் எடுத்திருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 30 அணிகள், கீழே ஒரு லீக், பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒரு படிக்கட்டு இருந்தது. மேலேயிருந்து விழுந்தவன் தரையில் விழாமல் நடுப்படியில் நிற்க முடிந்தது. அந்தப் படிக்கட்டை அவர் கட்டவில்லை. ஏறியது அவர்தான், சந்தேகமில்லை. ஆனால் படிக்கட்டே இல்லாத துறைகளில் விழுகிறவர்களைப் பார்த்து "லிவிங்ஸ்டன் மாதிரி எழுந்து வா" என்று சொல்வது என்ன நியாயம்?

வேகம் போனது, உயரம் போகவில்லை

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். காயத்துக்குப் பிறகு பழைய துள்ளலும் வேகமும் அவரிடம் இல்லை. பெரும்பாலான கார்டுகளுக்கு அதோடு கதை முடிந்துவிடும். ஆறடி ஆள் ஒருவனிடமிருந்து வேகத்தை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? தூரத்திலிருந்து மூன்று புள்ளி ஷாட் போடத் தெரிந்தால் பிழைக்கலாம். லிவிங்ஸ்டனுக்கு அதுவும் வராது. கடைசி ஐந்து வருடத்தில் அவர் போட்ட மூன்று புள்ளி ஷாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் 6 அடி 7 அங்குலம் அப்படியேதான் இருந்தது. தன்னைவிடக் குள்ளமான கார்டு ஒருவன் தடுக்க வந்தால், கூடைக்கு முதுகைக் காட்டி நிற்பார். இரண்டு தட்டு தட்டி மெதுவாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போவார். பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் திரும்பி, அவன் கை எட்டாத உயரத்திலிருந்து பந்தை விடுவார். எல்லாருக்கும் தெரியும் அதைத்தான் செய்யப் போகிறார் என்று. தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது. குள்ளமாக இருப்பது அவன் குற்றமா என்ன!

ஓட்டத்தை நம்பி ஆடியவர் நிதானத்தை நம்பி ஆடக் கற்றுக்கொண்டார். இதற்கு மூளை வேண்டும், பொறுமை வேண்டும், அகம்பாவத்தைக் கழற்றி வைக்க வேண்டும். அதெல்லாம் அவருடைய சொந்தச் சம்பாத்தியம். உயரம் மட்டும் பிறப்பிலேயே வந்தது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று சொன்னால் விளங்கும். ஜே வில்லியம்ஸ் என்று ஒரு கார்டு. 2001-ல் டியூக் பல்கலைக்கழகத்துக்கு தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்த அணியின் நட்சத்திரம். 2002 டிராஃப்டில் சிகாகோ புல்ஸ் இரண்டாவது ஆளாக எடுத்தது. ஒரே ஒரு சீசன். 2003 ஜூனில் மோட்டார் பைக் விபத்து. முழங்கால் மூட்டு விலகி, லிகமென்ட் கிழிந்து, காலின் நரம்பும் அறுந்தது, இடுப்பெலும்பும் உடைந்தது. அவரும் விடவில்லை. மூன்று வருடம் உடம்போடு போராடி, 2006-ல் நியூ ஜெர்சி நெட்ஸ் அணியின் பயிற்சி முகாம் வரை வந்தார். சீசன் தொடங்கும் முன் நீக்கினார்கள். டி-லீகில் போய் ஆடிப் பார்த்தார். உடம்பு கேட்கவில்லை. அதோடு சரி. பிறகு டிவியில் வர்ணனையாளர் ஆகிவிட்டார்.

விபத்து அவர் தப்புதான், ஒப்பந்தப்படி பைக்கே ஓட்டக்கூடாது. அது வேறு விஷயம். கேள்வி என்னவென்றால், அவரிடம் மன உறுதி குறைவாகவா இருந்தது?

இன்னொருவர் பிராண்டன் ராய். 2007-ல் சிறந்த புதுமுகம், 2008 முதல் 2010 வரை மூன்று ஆல்-ஸ்டார். முழங்காலில் தேய்ந்துபோக குருத்தெலும்பே மிச்சம் இல்லாமல் 2011 டிசம்பரில் ஓய்வு அறிவித்தார். அப்போது வயது 27. அடுத்த வருடமே மினசோட்டா அணிக்குத் திரும்பி வந்து முயன்றார். 5 ஆட்டம். முடியவில்லை.

லிவிங்ஸ்டன் கதையைச் சொல்லி "முயன்றால் முடியும்" என்று முடிக்கும்போது, வில்லியம்ஸும் ராயும் முயலவில்லை என்று சொல்லாமல் சொல்கிறோம். அது பொய். வெற்றி பெற்றவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தி அவர்களிடம் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேட்டால், "விடாமுயற்சி" என்றுதான் பதில் வரும். தோற்றவர்களையும் அழைத்து வந்து அதே கேள்வியைக் கேட்டால் அவர்களும் அதே பதிலைத்தான் சொல்வார்கள். ஆனால் அவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லையே!

கோல்டன் ஸ்டேட்

2013-14 சீசனில் நெட்ஸ் அணிக்கு நிறைய காயம். அந்த இடைவெளியில் லிவிங்ஸ்டன் 76 ஆட்டங்கள் ஆடினார், 54-ல் தொடக்கத்திலேயே இறங்கினார். ஏழு வருடத்துக்குப் பிறகு "இந்த ஆள் நிலைத்து ஆடுவான்" என்று மார்க்கெட் நம்பியது. 2014 ஜூலையில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் மூன்று வருடத்துக்கு சுமார் 1 கோடியே 60 லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது.

அங்கே ஸ்டெஃப் கரி, கிளே தாம்சன் இருவரும் மூன்று புள்ளி ஷாட் போட்டே லீகின் ஆட்ட முறையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று புள்ளி ஷாட் வராத லிவிங்ஸ்டனை அந்த அணியே எடுத்தது வேடிக்கை மாதிரி தெரியும். யோசித்தால் காரணம் புரியும். நட்சத்திரங்கள் பெஞ்சில் உட்காரும் நேரத்தில் பந்தைப் பதறாமல் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். தூரத்து ஷாட் விழாத நாளில் பக்கத்திலிருந்து நிச்சயமாக இரண்டு புள்ளி எடுக்க ஓர் ஆள் வேண்டும். தடுப்பாட்டத்தில் எதிராளிகள் இடம் மாறும்போது, கார்டையும் தடுத்து ஃபார்வர்டையும் தடுக்கும் உயரத்தில் ஓர் ஆள் வேண்டும். மூன்றுக்கும் ஒரே ஆள் கிடைத்தார். வாரியர்ஸில் ஆடிய ஐந்து சீசனிலும் அவர் போட்ட ஷாட்களில் பாதிக்குக் குறையாமல் உள்ளே போனது.

2015-ல் 40 வருடத்துக்குப் பிறகு வாரியர்ஸ் சாம்பியன். 2016 ஃபைனல்ஸின் முதல் ஆட்டத்தில் கரி 11, தாம்சன் 9. இருவரும் சேர்த்து 20. பெஞ்சிலிருந்து வந்த லிவிங்ஸ்டன் தனியாக 20. அந்த ஆட்டத்தில் வாரியர்ஸ் ஜெயித்தது. அந்தத் தொடரில் 3-1 என்று முன்னால் இருந்தும் கோட்டை விட்டது என்பது தனி சோகம். 2017, 2018-ல் மறுபடி சாம்பியன். 2017-ல் அவருக்குக் கிடைத்த புது ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு 2 கோடியே 40 லட்சம் டாலர். 2019-ல் டொரான்டோவிடம் தோல்வி. அந்தக் கோடையில் வாரியர்ஸ் அவரை விடுவித்தது. செப்டம்பரில், 34 வயது நிறைந்த இரண்டாம் நாள், ஓய்வை அறிவித்தார். ஐந்து வருடத்தில் ஐந்து ஃபைனல்ஸ். பெரிய பெரிய நட்சத்திரங்களுக்கே வாய்க்காத கணக்கு.

இங்கேயும் அணி பொருந்தியது முக்கியம். இதே லிவிங்ஸ்டன், இதே ஷாட், ஷாட் போட ஆளில்லாத ஒரு சாதாரண அணியில் இருந்திருந்தால், எதிரணி அவரைத் தூரத்தில் தனியாக விட்டுவிட்டு மற்றவர்களை நெருக்கியிருக்கும். வாரியர்ஸில் அது முடியாது. கரியை விட்டுவிட்டு லிவிங்ஸ்டனைப் பிடிக்க வர எவனுக்குத் தைரியம்?

வராத லாபம்

தன்னம்பிக்கைக் கோஷ்டிக்கு நேர் எதிராக இன்னொரு கோஷ்டி இருக்கிறது. அவர்கள் பாட்டு "மட்டும் அந்தக் கால் உடையாமல் இருந்திருந்தால்..." என்று ஆரம்பிக்கும். மேஜிக் ஜான்சன் ஆகியிருப்பார், பத்து ஆல்-ஸ்டார் ஆடியிருப்பார், இப்படிச் சராசரி 6 புள்ளியோடு ஓய்வு பெற்றிருக்க மாட்டார், பாவம்.

கணக்குப் பதிவியலில் முதல் வருடமே சொல்லிக்கொடுக்கிற ஒரு விதி உண்டு. வராத லாபத்தை ஏட்டில் எழுதாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு ஒதுக்கீடு செய்துகொள், ஆனால் கைக்கு வராத லாபத்தை வந்ததாகக் காட்டாதே. "அடுத்த மேஜிக் ஜான்சன்" என்பது கைக்கு வராத லாபம். அதை வரவில் எழுதிவிட்டு, பிறகு அது வரவில்லை என்று நஷ்டம் காட்டினால், அந்த நஷ்டம் யாருடையது? எழுதினவனுடையது. லிவிங்ஸ்டனுடையது அல்ல.

உண்மையில் ஏட்டில் இருப்பது என்ன? ஒன்பது அணிகளுக்காக 800-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். மூன்று பட்டங்கள். பதினைந்து வருட வேலை. என்.பி.ஏ.வுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஐந்து வருடம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை. முழு உடம்போடு வந்தவர்களே அப்படி.

அதனால் பாவப்படவும் வேண்டாம், சிலை வைக்கவும் வேண்டாம். மனுஷன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார், நீண்ட நாள் செய்தார். அதுவே பெரிய விஷயம்.

அப்படியானால் மன உறுதிக்கு மதிப்பே இல்லையா?

இந்தக் கேள்வி வரும். மதிப்பு உண்டு. மன உறுதி மட்டும் இல்லாமல் மற்ற எல்லாம் இருந்திருந்தால் அவர் துல்சாவுக்கே போயிருக்க மாட்டார். கிளிப்பர்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

ஆனால் அந்த மன உறுதி எங்கே வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். "நான் பழைய லிவிங்ஸ்டனாக வந்தே தீருவேன்" என்று பிடிவாதம் பிடித்த இடத்தில் அல்ல. பழைய லிவிங்ஸ்டன் வரமாட்டான் என்று ஒப்புக்கொண்ட இடத்தில்தான். அணியின் முகமாக வர வேண்டியவர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து பதினைந்து இருபது நிமிடம் ஆடிவிட்டு மறுபடி பெஞ்சில் உட்கார சம்மதித்தார். சின்ன வேலை என்று முகம் சுளிக்கவில்லை. இந்த இடம்தான் கஷ்டம். உடம்பு தேய்ந்த பிறகும் "நான்தான் ஆரம்பத்தில் இறங்குவேன்" என்று நின்று, கடைசியில் யாரும் எடுக்காமல் வீட்டுக்குப் போன பெரிய கார்டுகள் உண்டு. அவர்களிடமும் மன உறுதி நிறையவே இருந்தது. அது தப்பான பக்கம் இழுத்தது, அவ்வளவுதான்.

தன்னம்பிக்கைக் கதைகள் இதைச் சொல்வதில்லை. "கனவை விடாதே" என்றுதான் சொல்லும். லிவிங்ஸ்டன் தன் பெரிய கனவை விட்டார். விட்டதனால்தான் கைக்கு வேறு ஒன்று கிடைத்தது.

கடைசியாக ஒன்று. இந்தக் கதையை யாரிடம் சொல்கிறோம் என்பதும் முக்கியம். வேலை போன ஒருவரிடம், பரீட்சையில் தவறிய ஒருவரிடம், படுக்கையில் இருக்கும் ஒருவரிடம் போய், "கால் நொறுங்கினவனே சாம்பியன் ஆனான், உனக்கென்ன?" என்று சொன்னால் அது ஆறுதல் இல்லை. எழுந்து வராதது அவர் குற்றம் என்று சொல்லுகிற நாசூக்கான வழி அது. அதைவிட, லிவிங்ஸ்டனுக்குக் கிடைத்தது இவருக்கும் கிடைத்திருக்கிறதா என்று கேட்கலாம். வேலை செய்ய முடியாத நாளிலும் வரும் சம்பளம் இருக்கிறதா? நல்ல வைத்தியம் இருக்கிறதா? கீழே விழுந்தால் தாங்க ஒரு நடுப்படி இருக்கிறதா? பத்து நாளைக்காவது நம்பி ஒரு வாய்ப்பு கொடுக்க யாராவது இருக்கிறார்களா?

அதெல்லாம் இருந்தும் ஒருவர் எழுந்து வரவில்லை என்றால், அப்போது மன உறுதியைப் பற்றிப் பேசலாம். அப்போதும் வில்லியம்ஸையும் ராயையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.